பழைய எஞ்சினும் புதிய கால்களும்

மனிதன் செய்த ஊர்திகளுள் மோட்டார் சைக்கிளைப்போல் தன் உறுப்புக்களை ஒளிக்காமல் காட்டுவது வேறொன்றில்லை. மோட்டார் காரின் எஞ்சின் மூடிக்குள் கிடக்கிறது. கப்பலின் எஞ்சின் அடித்தளத்தில் கிடக்கிறது. மோட்டார் சைக்கிளிலோ இதயமாகிய எஞ்சினும், எலும்பாகிய சட்டகமும், கால்களாகிய சஸ்பென்ஷனும் கண்முன்னே நிற்கின்றன. ஆதலின் அதைப் பிரித்துப் பார்க்கவும், ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்திப் பார்க்கவும் மனிதனுக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

அவ்வாசை இன்று பல நாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இருவீச்சு எஞ்சினை, அதாவது பட்டறைகளில் ‘டூ ஸ்ட்ரோக்’ என்று வழங்கும் எஞ்சினை, எடுத்துச் செப்பனிடுகிறார்கள். அதைத் தாங்கும் பழைய சட்டகத்தின் முன்னே இக்காலத்து ஃபோர்க்கையும், பின்னே இக்காலத்து அதிர்வு தாங்கியையும் பொருத்துகிறார்கள். எஞ்சின் தாத்தாவினுடையது, கால்கள் பேரனுடையவை.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போரும் உண்டு. “பழம்பொருள் பழம்பொருளாகவே இருத்தல் வேண்டும், கோயில் தூணைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டுத் தூண் நிறுத்துவது போன்றது இது” என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார், “ஓடாத வண்டி வண்டியன்று; பாதுகாப்பாக ஓட வேண்டுமானால் கால்களை மாற்றத்தான் வேண்டும்” என்பர். இவ்விரு சாராரும் வழக்காடும்போது சாட்சிக் கூண்டில் ஏற்றப்படாத ஒரு சாட்சி உண்டு. அதுவே வரலாறு. இருவீச்சு மோட்டார் சைக்கிள் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதன் கால்கள் யாரால் திருத்தப்பட்டன என்று அந்தச் சாட்சியை விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிமையில் பிறந்த எஞ்சின்

நால்வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கினால்தான் ஒரு முறை விசை கிடைக்கும். எரிபொருட் கலவையை உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளித்தள்ளுவது என்னும் நான்கு தொழில்களுக்கு நான்கு வீச்சுக்கள். இந்நான்கையும் இரண்டே வீச்சில் முடிக்க இயலாதா என்று எண்ணியவர்களுள் ஸ்காத்லாந்துப் பொறியாளர் டுகால்ட் கிளார்க் முன்னோடி. ஆனால் அவருடைய எஞ்சினுக்குக் கலவையை உள்ளே தள்ள ஒரு தனிச் சிலிண்டர் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891-ஆம் ஆண்டையொட்டி அத்தடையையும் நீக்கினார். பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் பெட்டியையே அவர் ஒரு காற்றுத் துருத்தியாக்கினார். பிஸ்டன் மேலேறும்போது கீழே கலவை உறிஞ்சப்படும். பிஸ்டன் கீழிறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டுப் பக்கத் துளை வழியாக மேலே பாயும். அவரிடம் பணிபுரிந்த ஃபிரெடரிக் காக் என்பவர், துளைகளைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் சுவராலேயே நடக்குமாறு செய்தார். வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் தண்டுகள் இல்லை. அசையும் முக்கிய உறுப்புக்கள் பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் ஆகிய மூன்றே.

இவ்வெளிமைக்கு ஒரு விலை இருந்தது. புதுக் கலவை உள்ளே வரும் வேளையில் பழைய புகை வெளியேறும் வாயிலும் திறந்தே கிடக்கும். எனவே எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். கிராங்க் பெட்டியில் கலவை நிரம்பியிருப்பதால் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றவேண்டும். அவ்வெண்ணெய் எரிந்து நீலப் புகையாகும். பிறந்தபோதே உடன்பிறந்த இக்குறைகள்தாம் நூறாண்டுகளுக்குப்பின் இவ்வெஞ்சினைச் சாலையிலிருந்து விலக்கின என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

மோட்டார் சைக்கிளில் இருவீச்சுக்குப் பெருமை தேடித் தந்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் அங்கஸ் ஸ்காட். 1908-இல் விற்பனைக்கு வந்த அவருடைய வண்டிகள் 1912, 1913 ஆகிய ஈராண்டுகளிலும் மான் தீவின் சீனியர் பந்தயத்தில் வாகை சூடின. அவ்வண்டிகளின் முன்புறத்தில் குழாய்க்குள் குழாய் நழுவும் ஒருவகை ஃபோர்க் அக்காலத்திலேயே இருந்தது. எஞ்சினைச் சிந்தித்தவரே காலையும் சிந்தித்தார் என்பதற்கு ஸ்காட் ஓர் அரிய எடுத்துக்காட்டு. பின்வந்தோரிடம் அந்தச் சமநிலை நெடுங்காலம் காணப்படவில்லை.

ஓர் எஞ்சின், பல தேசங்கள்

இருவீச்சின் தாயகமாக அடுத்து விளங்கியது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்துச் சோப்பாவ் என்னும் சிற்றூர். டென்மார்க்கில் பிறந்த ஜோர்கன் ராஸ்முசன் அங்கே நிறுவிய டி.கே.டபிள்யூ. நிறுவனம், அடால்ஃப் ஷ்னூர்லே என்பவரின் கண்டுபிடிப்பைக் கைக்கொண்டது. கலவையை நேரே மேல்நோக்கித் தள்ளாமல், இருபுறத் துளைகளிலிருந்து பின்சுவர் நோக்கிச் சாய்வாகப் பாய்ச்சினால் அது சிலிண்டருக்குள் சுழன்று பழைய புகையைத் துரத்தும் என்பதே அக்கண்டுபிடிப்பு. பிஸ்டனின் தலையில் பெரும் மேடு வைக்கவேண்டிய தேவை அதனால் ஒழிந்தது. எஞ்சின் குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் ஓடிற்று.

ஹெர்மன் வெபரின் வரைவில் அந்நிறுவனம் 1939-இல் வெளிக்கொணர்ந்த ஆர்.டி. 125 என்னும் சிறு வண்டி, உலகில் மிகுதியாகப் படியெடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் வென்றவர்களின் கைக்குப் போயின. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாந்தம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, சோவியத் நாட்டில் மாஸ்க்வா, மின்ஸ்க் என அது பல பெயர்களில் மறுபிறவி எடுத்தது. 1955-இல் ஜப்பானின் யமஹா வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளாகிய ஒய்.ஏ. 1-உம் அதே வழித்தோன்றலே.

இவற்றுள் பாந்தத்தின் கதை நம் ஆராய்ச்சிக்கு உதவும். 1948-இல் வந்த பாந்தத்தின் பின்சக்கரத்திற்கு ஸ்பிரிங்கே கிடையாது, சட்டகத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில், அச்சின் இருபுறமும் செங்குத்தாகச் சிறு ஸ்பிரிங்குகள் வைத்த ‘பிளஞ்சர்’ அமைப்பு வந்தது. 1956-இல், சட்டகத்தில் கீல் போல மாட்டப்பட்டு மேலுங்கீழும் ஆடும் ‘ஸ்விங் ஆர்ம்’ என்னும் பின்கவை வந்தது. எஞ்சினோ பெருமளவு அதே எஞ்சின்தான். எட்டே ஆண்டுகளில் அதற்குக் கீழே மூன்று வகைக் கால்கள் மாறிவிட்டன. பழைய எஞ்சினுக்குப் புதிய கால் பொருத்துவது இன்றைய இளைஞரின் விபரீத ஆசை என்று கருதுவோர், இதைத் தொழிற்சாலைகளே செய்தன என்பதை நோக்குதல் வேண்டும்.

கால்களின் கணக்கு

சஸ்பென்ஷன் என்பது யாது? பலர் அதை ஸ்பிரிங் என்று மட்டுமே எண்ணுகின்றனர். ஸ்பிரிங் பாதிப் பங்கே. மேட்டில் சக்கரம் ஏறும்போது ஸ்பிரிங் அந்த அடியை வாங்கிச் சேமித்து வைக்கும். சேமித்ததை மறுகணமே திருப்பித் தரும். தணிப்பார் இல்லையேல் வண்டி ஊஞ்சலாய் ஆடிக்கொண்டே இருக்கும். ஆதலால் எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டனைப் புகுத்தி, சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கியடித்துச் செல்லுமாறு செய்தனர். அசைவின் ஆற்றல் எண்ணெயின் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இத்தகைய எண்ணெய்த் தணிப்புடைய குழாய் ஃபோர்க்கை முறையாகத் தொழிற்சாலையில் செய்து விற்றது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.; ஆண்டு 1935.

பின்சக்கரத்தின் கதை வேறு. அதைத் தீர்த்து வைத்தவர் பெரிய தொழிற்சாலைக்காரர் அல்லர். 1940-களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ், தாம் கட்டிய வண்டியில் பின்கவையை ஆடவிட்டு, அதற்கு ஊன்றுகோலாகச் சித்ரோயன் மோட்டார் காரின் அதிர்வு தாங்கிகளைச் செங்குத்தாகப் பொருத்தினார். வேறோர் ஊர்தியின் உறுப்பைக் கொணர்ந்து பொருத்திய அந்தப் பட்டறைப் பரிசோதனையின் பயனாக விளைந்ததுதான் நார்ட்டன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘ஃபெதர்பெட்’ சட்டகம். 1950-இல் ஜெஃப் டியூக் அதன்மேல் அமர்ந்து மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றார். பின்கவைக்கு இருபுறமும் ஒவ்வோர் அதிர்வு தாங்கி என்னும் அமைப்பு அடுத்த கால் நூற்றாண்டுக்கு உலகின் பொது வழக்காயிற்று.

இதயம் ஓங்கியது

இதற்கிடையே எஞ்சினில் ஒரு புரட்சி நிகழ்ந்தது. அதுவும் ஒரு தனியார் பட்டறையிலிருந்தே தொடங்கிற்று. கிழக்கு ஜெர்மனியில் டானியல் ஸிம்மர்மன் என்பவர் ஆர்.டி. 125-இன் வழிவந்த எஞ்சினைத் தாமே திருத்தி, கலவை நுழையும் வாயிலைப் பிஸ்டனின் பொறுப்பில் விடாமல், கிராங்க்கோடு சுழலும் ஒரு மெல்லிய தட்டினால் திறந்து மூடினார். அரசாங்கத் தொழிற்சாலையின் பந்தய வண்டிகளை அவருடைய வண்டி முந்திற்று. 1953-இல் சோப்பாவ் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்கு வந்த வால்ட்டர் காடன் அந்தச் சுழல்தட்டை ஏற்றார். அத்துடன் புகைபோக்கியையும் ஆராய்ந்தார்.

புகைபோக்கி புகையைப் போக்குவதற்கு மட்டும் அன்று என்பதே காடனின் தெளிவு. புகை சீறிப் பாயும்போது ஓர் அழுத்த அலை எழுகிறது. குழாய் கூம்பாக விரிந்தால் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பிச் சிலிண்டரிலுள்ள புகையை வெளியே இழுக்கும். மீண்டும் குறுகினால் தள்ளும் அலையாகத் திரும்பி, தப்பியோடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே அடைக்கும். அளவைச் சரியாகக் கணித்தால் வால்வு இல்லாத எஞ்சினுக்கு ஒலி அலையே வால்வாகிவிடும்! 1961-இல் எம்.இசட். நிறுவனத்தின் 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைசக்தி தந்தது. லிட்டர் ஒன்றுக்கு 200 குதிரைசக்தி என்ற கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது அந்நிறுவனத்து வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அவரோடு அந்த இரகசியமும் ஜப்பானுக்குப் போயிற்று. 1962-இல் அவர் சுசுகிக்காக 50 சி.சி. உலக வாகையைப் பெற்றார்.

இவ்வலை மந்திரத்திற்கு ஓர் எல்லை உண்டு. குறிப்பிட்ட வேகச் சுழற்சியில் மட்டுமே அலைகள் நேரத்துக்கு வந்து சேரும். அதற்குக் கீழே எஞ்சின் சோம்பும். எட்டியதும் திடீரென வெடித்துப் பாயும். சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினாலும் எஞ்சின் வெறுமனே சுழன்று தன் குறுகிய எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இருவீச்சின் வலிமை ஓங்க ஓங்க, சக்கரத்தைத் தரையில் ஒட்டி வைக்கும் கால்களின் தேவையும் ஓங்கிற்று. மேடு பள்ளமான மண்ணில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் இவ்வுண்மை அப்பட்டமாக வெளிப்பட்டது.

1966-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். வண்டியில் பால் ஃபிரெட்ரிக்ஸ் 500 சி.சி. மோட்டோகிராஸ் உலக வாகையை வென்றதோடு, அப்பிரிவில் கனத்த நால்வீச்சு வண்டிகளின் ஆட்சி முடிந்தது. ஆனால் அவ்வாண்டுகளின் வண்டிகளில் பின்சக்கரம் மேலுங்கீழும் அசையக்கூடிய தூரம் ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. அதற்கு மேலான அடி யாவும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கே போய்ச் சேர்ந்தது. வேகமாக ஓட்ட எஞ்சின் தயார்; தாங்கக் கால்கள் தயாராயில்லை.

லியேஜ் நகரத்துத் தந்தை

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பந்தய வீரரோ, பெருநிறுவனத்துப் பொறியாளரோ அல்லர். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பேராசிரியர் லூசியன் டில்கென்ஸ் என்பவரே அவர். அவருடைய மகன் மோட்டோகிராஸ் ஓட்டுபவர். மகனின் வண்டி மேடுகளில் துள்ளித் தாறுமாறாக எகிறுவதைக் கண்ட தந்தை, அவ்வண்டியின் பின்பாகத்தைத் தாமே மாற்றியமைத்தார்.

பின்கவையைத் தட்டையான கவையாக விடாமல், மேல்நோக்கி எழும் முக்கோணமாக அவர் கட்டினார். அம்முக்கோணத்தின் உச்சியிலிருந்து பெட்ரோல் தொட்டியின் அடியாக, ஹேண்டிலின் கழுத்தை நோக்கி நீண்ட அதிர்வு தாங்கி ஒன்றைப் படுக்கவைத்தார். இரு தாங்கிகள் போய் ஒன்றே வந்தது. சக்கரத்தின் அசைவுக்கு இடம் மிகுந்தது. முக்கோணமாகக் கட்டிய கவை முறுக்கலுக்கு இடங்கொடாமல் நின்றது. அதிர்வு தாங்கி பெரிதானதால் அதனுள் எண்ணெயும் மிகுந்தது.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. இங்கிலாந்தின் ஃபிலிப் வின்சென்ட் முக்கோணப் பின்கவைக்கு 1928-இலேயே உரிமை பெற்றிருந்தார். பிரான்சின் கிறிஸ்தியன் டி கார்போன் 1953-இல் வேறொரு துணையைத் தந்திருந்தார். அதிர்வு தாங்கிக்குள் அழுத்திய வாயுவை அடைத்து வைத்தால், சூடேறிய எண்ணெய் நுரைத்துச் செயலிழப்பது தடைப்படும் என்று அவர் காட்டினார். டில்கென்ஸின் பெருமை, பழைய கருத்துக்களைத் தம் காலத்து இருவீச்சு வண்டியின் தேவையோடு இணைத்ததில் இருக்கிறது. கண்டுபிடிப்பு என்பது பல வேளைகளில் புதியதைப் படைப்பதன்று. சிதறிக் கிடப்பவற்றை ஒரு நோக்கத்தோடு கூட்டுவது.

முதலில் சுசுகி நிறுவனத்திற்கு இவ்வமைப்பு காட்டப்பட்டது, அது ஏற்கவில்லை. அக்காலத்தில் உலக வாகைகளைத் தொடர்ந்து பெற்றுவந்த நிறுவனத்திற்கு மாற்றத்தின் தேவை தோன்றாதது இயல்பே. வாகை பெறாத யமஹா அதனை ஏற்று உரிமையையும் வாங்கிற்று. 1972-இல் 250 சி.சி. பிரிவில் யமஹாவின் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன், சுசுகியின் ஜோயல் ராபர்ட்டுக்கு அடுத்து இரண்டாமிடமே பெற்றிருந்தார். 1973-இல் ஒற்றைத் தாங்கி வண்டியில் அமர்ந்த அதே ஆண்டர்சன் உலக வாகையராயினார். வென்றவன் மாறத் தயங்குகிறான். தோற்றவன் துணிகிறான் என்னும் உலகியல் உண்மைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. 1975-ஆம் ஆண்டுக்குரிய ஒய்.இசட். வண்டிகளில் அவ்வமைப்பு பொதுமக்களின் கைக்கும் வந்துவிட்டது.

பின்னர் நிகழ்ந்தது ஓர் ஓட்டப்பந்தயம். மற்ற நிறுவனத்தார் இரு தாங்கிகளையே முன்னோக்கிச் சாய்த்துப் பார்த்தனர். கவாசாகியின் யூனி டிராக் 1980-இலும், சுசுகி, ஹோண்டா நிறுவனங்களின் அமைப்புகள் அடுத்தும் வந்தன. அவற்றில் ஒற்றைத் தாங்கி செங்குத்தாக நின்றது. இடையே நெம்புகோல் இணைப்புகள் இருந்தன. சக்கரம் உயர உயரத் தாங்கி மேன்மேலும் விறைத்தது. 1980-களின் தொடக்கத்தில் பின்சக்கர அசைவு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்; பத்தே ஆண்டுகளில் மும்மடங்கு! ஸ்வீடனில் கென்ட் ஓலின் 1976-இல் தொடங்கிய அதிர்வு தாங்கிப் பட்டறை, 1978-இல் கென்னடி மொய்சேயேவின் உலக வாகையில் பங்குபெற்று உலகப் பெயர் பெற்றது. 1980-களின் பிற்பகுதியில் ஃபோர்க்கும் தலைகீழாயிற்று. பருத்த குழாய் மேலேயும், மெலிந்த குழாய் சக்கரத்தின் பக்கமுமாக.

இன்றைய பட்டறையில்

இனி, பழைய இருவீச்சு வண்டிக்கு இன்றைய கால்களைப் பொருத்துவோரின் பணியை இவ்வரலாற்றின் ஒளியில் பார்ப்போம். ஃபோர்க்கைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. உடலின் ஒரு மூட்டை மாற்றுவது போன்றது.

முதலாவது உயரம். புதிய மோட்டோகிராஸ் ஃபோர்க் பழையதைவிட நீளமானது. 1,300 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டியின் கழுத்து 45 மில்லிமீட்டர் உயர்ந்தால், சட்டகம் முழுவதுமே ஏறத்தாழ 2 பாகை பின்சாயும். ஃபோர்க்கின் சாய்வு மிகும். ஹேண்டில் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கும் உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடும். நேரே செல்கையில் வண்டி நிதானமாகத் தோன்றும். திருப்பத்தில் திரும்ப மறுக்கும். ஆகவே தேர்ந்த பட்டறைக்காரர் ஃபோர்க்கின் உள்ளே தடுப்புக் குழாய் வைத்து அதன் நீளத்தைக் குறைப்பார். அல்லது பின்புறத்தையும் அதே அளவு உயர்த்துவார்.

இரண்டாவது கழுத்து. புதிய ஃபோர்க்கின் நடுத்தண்டு பழைய கழுத்தின் நீளத்தோடும் பேரிங் அளவோடும் ஒத்துவராது. தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து மாற்றவோ, அளவுக்கேற்ற பேரிங் தேடவோ வேண்டும். இங்கே அரை மில்லிமீட்டர்ப் பிழையும் ஓட்டுநரின் உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, நாம் முக்கியமாகக் கருதுவது, சட்டகத்தின் மேல் விழும் சுமை. 35 மில்லிமீட்டர் ஃபோர்க் குழாய்க்குப் பதில் அதே சுவர்த் தடிப்புள்ள 43 மில்லிமீட்டர் குழாய் வந்தால், வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கும். முன்பு பிரேக் பிடிக்கும்போது மெலிந்த ஃபோர்க்கே சற்று வளைந்துகொடுத்து அடியை வாங்கியது. இப்போது அது வளையாது. வலிய டிஸ்க் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். அவ்வளவும் கழுத்தின் பற்றவைப்புகளுக்குப் போகும். பின்புறமும் அவ்வாறே. இரு தாங்கிகள் சக்கர அச்சின் அருகே நின்று, ஆசனத்தின் கீழுள்ள குழாய்களைத் தாங்கின; சக்கரத்தின் அசைவும் தாங்கியின் அசைவும் ஏறக்குறையச் சமம். ஒற்றைத் தாங்கி ஓர் அங்குலம் அசையச் சக்கரம் மூன்று அங்குலம் அசையுமாறு அமைத்தால், தாங்கியின் முனையில் விழும் விசையும் மூன்று மடங்காகும். அதுவும் முன்பு சுமையறியாத வேறோர் இடத்தில். டில்கென்ஸ் தாங்கியின் முனையை ஹேண்டில் கழுத்தை நோக்கிக் கொண்டுபோனது, சட்டகத்தில் வலிமை மிக்க இடம் அதுவே என்பதனால் என்க. இதை அறியாது நடுக்குழாயில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து அதில் தாங்கியை மாட்டுவோர், முதற் பள்ளத்தில் இல்லாவிடினும் நூறாவது பள்ளத்தில் அக்குழாய் விரிசல் விடக் காண்பர்.

நான்காவது சங்கிலி. பின்கவை மிகுதியாக அசைந்தால் சங்கிலி ஒரு நிலையில் இறுகும், மற்றொரு நிலையில் தளரும். எஞ்சினின் பல்சக்கரத்துக்கும் கவையின் கீலுக்கும் இடையேயுள்ள தூரம் குறையக் குறைய இத்தொல்லையும் குறையும். பழைய எஞ்சினைப் புதிய கவையோடு சேர்ப்பவர் முதலில் அளக்கவேண்டியது இதைத்தான்.

ஐந்தாவது எடை. பழைய இருவீச்சு வண்டி இலேசானது. கனமான வண்டிக்குரிய ஸ்பிரிங்கோடு ஃபோர்க்கை அப்படியே மாட்டினால் அது அசையவே மறுக்கும். புதிய கால் பழையதைவிட மோசமாகும். ஸ்பிரிங்கையும் எண்ணெய்த் துளைகளையும் வண்டியின் எடைக்கும் ஓட்டுநரின் எடைக்கும் ஏற்றவாறு மாற்றினாலன்றி, விலையுயர்ந்த உறுப்பு வெறும் அலங்காரமே. பழைய ஃபோர்க்கையே வைத்துக்கொண்டு அதனுள் தணிக்கும் வால்வை மட்டும் புதிதாக வைப்பது பல வேளைகளில் இதைவிட நன்மை தரும், வெளித்தோற்றமும் மாறாது.

எது பழைமை?

இப்போது முதலில் எழுப்பிய வழக்கிற்கு வருவோம். கார் உறுப்பைப் பொருத்திய மெக்கேண்ட்லெஸ், தட்டு வால்வு வைத்த ஸிம்மர்மன், மகனின் வண்டியை மாற்றிய டில்கென்ஸ் ஆகிய மூவரும் பெருந்தொழிற்சாலைகளுக்கு வெளியே நின்றவர்கள். மூவரும் செய்தது, தம் கையிலிருந்த வண்டியில் வேறோர் உறுப்பையோ கருத்தையோ ஒட்டவைத்துப் பார்த்ததுதான். தொழிற்சாலைகள் பின்னால் வந்து அதைப் பல்லாயிரமாகப் பெருக்கின. ஆகவே, பழைய இருவீச்சுக்குப் புதிய காலைப் பொருத்துவது மரபை உடைப்பது என்பார் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது. அதுவே மரபு.

ஆயினும் மறுசாராரின் கவலையிலும் பொருள் உண்டு. 1970-களில் மாற்றப்பட்ட வண்டிகள் நேற்றுச் செய்தவை; கெட்டுப்போனால் வேறொன்று கடையில் கிடைத்தது. இன்று அப்படியில்லை. இருவீச்சு வண்டிகளைத் தொழிற்சாலைகள் சாலைக்கெனச் செய்வது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் பெரும்பாலும் நின்றுவிட்டது. மலேசியாவில் 1980-களில் அறிமுகமாகி, ஒரு தலைமுறை இளைஞரின் கனவாக விளங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.இசட். கூட 2011-ஆம் ஆண்டோடு உற்பத்தி முடிந்துபோனது. இன்று அதன் நல்ல வண்டி ஒன்று கிடைப்பது அரிது. சிங்கப்பூரில், 2003 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் பதிவான பழைய மோட்டார் சைக்கிள்களைச் சாலையிலிருந்து விலக்க 2028 ஜூன் மாத முடிவைக் கெடுவாக வைத்து 2018-இலேயே அறிவிப்பு வந்தது. எண்ணிக்கை குறைந்துவரும் ஒரு பொருளில், கழுத்தை அறுத்துப் பற்றவைத்த ஒவ்வொரு சட்டகமும் திரும்பி வராத ஏடு ஒன்றைக் கிழிப்பதற்குச் சமம்.

எனவே நடுவழி ஒன்று உண்டு. மாற்றுக, ஆனால் திரும்ப மாற்றத்தக்கவாறு மாற்றுக. பழைய கழுத்தை அறுக்காமல், புதிய ஃபோர்க்கின் தண்டை அதற்கேற்பக் கடைந்துகொள்வது முதல் விதி. கழற்றிய பழைய உறுப்புக்களைக் குப்பையில் எறியாமல், எண்ணெய் பூசிப் பொதிந்து, வண்டியோடு வைத்திருப்பது இரண்டாம் விதி. எந்த ஆண்டு, எவ்வளவு, எதற்காக மாற்றினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் அளவுகளோடு எழுதிவைப்பது மூன்றாம் விதி. சாலையில் ஓட்டுவதாயின் அந்நாட்டுப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியை முன்னரே பெறுவது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாம் விதியை நாம் தனியே வற்புறுத்த விரும்புகிறோம். கைவினைஞர் பலர் செய்தார்கள், எழுதவில்லை. பட்டறையில் பிறந்த எத்தனையோ திருத்தங்கள் பட்டறைக்காரரோடு மறைந்தன. டில்கென்ஸின் அமைப்பு நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதை ஒரு நிறுவனம் வாங்கிப் பெயரிட்டு விற்றதேயாகும். அவரைப்போலத் தம் பிள்ளைக்காகவோ தமக்காகவோ ஒரு வண்டியைத் திருத்திய மற்றவர்களின் பெயர்கள் எங்கே? இன்று ஒரு சிற்றூர்ப் பட்டறையில் பழைய இருவீச்சுக்குப் புதிய கால் கட்டும் இளைஞர், தம் அளவுகளை எழுதிவைப்பாராயின், அவரும் அந்த வரலாற்றில் தமக்கென ஒரு வரியைச் சேர்த்தவராவார்.

எஞ்சின் முதுமையடைகிறது, கால்கள் மாறுகின்றன, சாலைகளும் சட்டங்களும் மாறுகின்றன. மாறாதிருப்பது ஒன்றே: இருப்பது போதாதென்று கண்டு, சுத்தியலையும் அளவுகோலையும் கையிலெடுக்கும் மனிதனின் இயல்பு. அவ்வியல்பை அடக்கவேண்டுவதில்லை, அதற்கு அளவுகோல் சுத்தியலுக்கு முன் கைக்கு வரவேண்டும் என்று கற்பித்தாற் போதும்.